பெட்டியும் எலியும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

உங்கள் ‘பெட்டி’ சிறுகதையை எம்.ஏ. வகுப்பில் விவாதித்தோம். 1999 கார்கில் போரில் இறந்த மகனின் கறுப்பு டிரங்குப் பெட்டியில் தாய் கேழ்வரகைக் கொட்டி வைக்கிறாள். பெட்டி சவப்பெட்டியின் குறியீடு, தானியம் மறுபிறப்பு என்று கட்டுரை எழுதியிருக்கிறேன். சரியா? கூரைமேல் வரும் காகம் எதைக் குறிக்கிறது? தாய்க்குப் பெயர் இல்லாதது ஏன்? அவள் படியால் அளந்து எடுக்கும் இடத்தில் அழுதுவிட்டேன்.

ம., ஓசூர்

அன்புள்ள ம.,

அழுததைக் கடிதத்தின் கடைசியில் ஒளித்து வைத்திருக்கிறீர்கள். கட்டுரையில் அது இருக்காது என்று நினைக்கிறேன். அழுதது ஒருத்தி, கட்டுரை எழுதியது இன்னொருத்தியா?

காகத்தை விடுங்கள், அது எல்லார் கூரையிலும்தான் உட்காரும். பெயர் எனக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

ஆனால் பெட்டி? அது தகரம் அம்மா. எலி கடிக்க முடியாது. பாலக்கோட்டுப் பக்கம் மானாவாரியில் விளைந்த நாலு மூட்டைக் கேழ்வரகை எலியிடமிருந்து காப்பாற்றுவது பெரும்பாடு. மகன் செத்த வீட்டுக்கும் எலி வரும். கதையில் எலி மூன்று இடத்தில் வருகிறது, உங்கள் கடிதத்தில் ஒன்றைக்கூடக் காணோம். சவப்பெட்டி என்று சொன்னதுமே பெட்டி காணாமல் போய்விடுகிறது. தினமும் அவள் கை அதற்குள் போய் வருவதும் சேர்ந்து போய்விடுகிறது. நீங்கள் அழுதது அந்தக் கைக்குத்தானே?

போன வாரம் தருமபுரி அகழ்வைப்பகத்தில் நடுகற்களைப் பார்த்தபோதும் இதே எரிச்சல். சில கற்களில் வீரனின் காலருகே கெண்டி, மூக்கு வைத்த தண்ணீர்ப் பாத்திரம், செதுக்கியிருக்கும். பக்கத்தில் நின்ற ஒருவர் தன் பிள்ளைகளிடம் அது அழியாமையின் குறியீடு என்று விளக்கிக்கொண்டிருந்தார். மாடு மீட்கப் போய் அம்பு பட்டுச் செத்தவனுக்குத் தாகம் எடுக்காதா?

எங்கள் பக்கம் நடுகல்லை வேடியப்பன் என்று கும்பிடுவார்கள். என் ஆயா சுருட்டும் சாராயமும் வைப்பாள். எதற்கு என்று கேட்டால், “அவுருக்குப் புடிக்கும்” என்பாள். யாரென்றே தெரியாதவர், செத்து ஆயிரம் வருஷம் ஆகியிருக்கும். ஆனாலும் அவருக்கு என்ன பிடிக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

தருமபுரிக்கு அப்போது தகடூர் என்று பெயர். இதே தகடூர் மண்ணில் அதியமான் இறந்தபோது ஔவையும் கள்ளைத்தான் நினைத்தாள். மலையோடு சேர்த்து நாட்டையே கொடுத்தாலும் வாங்காதவன், நடுகல்லுக்கு மயிற்பீலி சூட்டிச் சின்னக் கலத்தில் ஊற்றும் கள்ளை வாங்கிக்கொள்வானா என்று கேட்கிறாள் (புறநானூறு 232). நாடு எவ்வளவு பெரிது, கலம் எவ்வளவு சிறிது! அந்தக் கலத்தை ‘நிலையாமை’ என்று குறித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டினால் பாட்டில் என்ன மிச்சம்? கள் ஊற்றுகிற கலமாக இருப்பதால்தான் நமக்கு நெஞ்சு அடைக்கிறது. இன்னொரு பாட்டில் (235), அவன் மார்பில் பாய்ந்த வேல் பாணர்களின் உண்கலத்தைத் துளைத்துக்கொண்டு போகிறது. அதுவும் சோறு வாங்கித் தின்ற பாத்திரம்தான்.

மதிப்பெண்ணுக்குச் சவப்பெட்டி வேண்டுமென்றால் இருக்கட்டும், உங்கள் பேராசிரியரோடு எனக்குச் சண்டை வேண்டாம். ‘ஆசிரியரே ஒப்புக்கொண்டார்’ என்று மட்டும் அடியில் போட்டுவிடாதீர்கள். அப்புறம், எலியைச் சேர்த்து ஒரு பக்கம் எழுதி எனக்கு அனுப்புங்கள்.