மாயாவியை இப்போது படிக்கலாமா?

வணக்கம் சார்,

ஐம்பதை நெருங்கிக்கொண்டிருக்கிறேன். சின்ன வயதில் பஸ் ஸ்டாண்ட் கடையில் வாங்கிச் சேர்த்த முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ், ராணி காமிக்ஸ் எல்லாம் வீடு மாறும்போது பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போய்விட்டன. இப்போது அதே புத்தகங்களைத் தேடித்தேடி வாங்குகிறேன், ஒவ்வொன்றும் நல்ல விலை. போன வாரம் இரும்புக்கை மாயாவியை எடுத்து உட்கார்ந்து படித்தேன், மனம் விட்டுப்போயிற்று. கதையில் ஒன்றுமே இல்லை போலிருந்தது. மகன் நாலு பக்கம் புரட்டிவிட்டு வைத்துவிட்டான். அப்படியென்றால் அன்று நாம் எதைத்தான் ரசித்தோம்? இதெல்லாம் வெறும் ஏக்கம்தானா? இன்னொரு கேள்வியும் உண்டு, கிழிந்த அட்டைகளை லேமினேட் செய்து வைக்கலாமா?

கோ., திண்டுக்கல்

அன்புள்ள கோ.,

நீங்கள் ரசித்தது உண்மையான ஒன்றைத்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அதைக் கதையில் தேடினால் கிடைக்காது.

முத்து காமிக்ஸ் 1972-ல் சிவகாசியில் தொடங்கியபோது முதல் இதழே இரும்புக்கை மாயாவிதான். அது அப்போதே பத்து வருடப் பழைய சரக்கு. 1962-ல் இங்கிலாந்தில் வேலியன்ட் என்ற சிறுவர் வாரப் பத்திரிகையில் தொடராக ஆரம்பித்தது. வாரத்துக்குச் சில பக்கங்கள்தான், அடுத்த வாரமும் பையன்கள் கடைக்கு வர வேண்டும் என்பதால் ஒவ்வொரு தவணையின் கடைசிக் கட்டத்திலும் மாயாவி எதிலாவது மாட்டிக்கொண்டாக வேண்டும். வாரம் வாரமாக விட்டுவிட்டுப் படிக்க எழுதியதைத் தொகுத்து ஒரே புத்தகமாக நம் கையில் கொடுத்தார்கள். பத்து வயதில் மூன்று பக்கத்துக்கு ஒரு ஆபத்து என்பது கொண்டாட்டம். ஐம்பதில் ஒரே மூச்சில் படித்தால் மூச்சு வாங்கத்தான் செய்யும்.

சரி, இனி படங்களைப் பாருங்கள், வசனத்தைப் படிக்காமல் படங்களை மட்டும். மின்சாரம் பாய்ந்ததும் உடம்பு மறைந்து இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் நிற்கிறதே, அதை வரைவது எவ்வளவு கஷ்டம் என்று யோசியுங்கள். கதாநாயகனின் முகமே இல்லாத கட்டத்தில் அவன் கோபமாக இருக்கிறானா, தயங்குகிறானா என்பதை ஐந்து விரல்களை வைத்தே சொல்லியாக வேண்டும். கறுப்பு மையின் அடர்த்தி, பின்னால் தெரியும் தெருவின் ஈரம், கதவிடுக்கில் விழும் வெளிச்சம் எல்லாம் ஒரு பெரிய கலைஞனின் வேலை. அவர் பெயர் ஹெசூஸ் பிளாஸ்கோ, பார்சிலோனாக்காரர். அந்தக் காலத்தில் ஸ்பெயினின் நல்ல ஓவியர்கள் பலர் பிரிட்டிஷ் பத்திரிகைகளுக்கு வரைந்து பிழைத்தார்கள், அங்கே கூலி கூடுதல். ஆனால் அந்தப் பத்திரிகைகள் வரைந்தவர் பெயரையும் எழுதியவர் பெயரையும் போடுவதில்லை. அதனால் நமக்கும் தெரியவில்லை. தமிழ்நாட்டில் எத்தனையோ பையன்கள் பிளாஸ்கோவின் கோடுகளைப் பார்த்து நோட்டுப் புத்தகத்தின் பின்பக்கத்தில் வரையக் கற்றார்கள், அவர் யார் என்றே தெரியாமல். எனக்கு இதுதான் பெரிய வருத்தம்.

ஸ்பைடரின் கதை இன்னும் வலிக்கக்கூடியது. 1984-ல் லயன் காமிக்ஸ் தொடங்கியது, அதே வருடம் ‘எத்தனுக்கு எத்தன்’ வழியாக ஸ்பைடர் தமிழுக்கு வந்தான். அமெரிக்க ஸ்பைடர்மேன் இல்லை, இவன் பிரிட்டிஷ் காமிக்ஸின் குற்றச் சக்கரவர்த்தி. அவன் பறக்கும் ஹெலிகார், வலைத் துப்பாக்கி, கூட்டாளிகள் பெல்ஹாம், ஆர்டினி, இதெல்லாம் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அவனை வரைந்தவர் ரெக் பன். தொடங்கி வைத்தவர் டெட் கோவன், ஆனால் பிறகு வந்த ஸ்பைடர் கதைகளில் பலவற்றை எழுதியவர் ஜெர்ரி சீகல். ஆமாம், நண்பர் ஜோ ஷஸ்டருடன் சேர்ந்து சூப்பர்மேனை உருவாக்கி, அதன் உரிமையை 130 டாலருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வாழ்நாளெல்லாம் அதற்காகப் போராடிய அதே சீகல். சூப்பர்மேனைப் படைத்தவர் பெயரில்லாமல் பிரிட்டிஷ் வாரப் பத்திரிகைக்கு எழுதியது சிவகாசி வழியாக உங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. இது தெரிந்த பிறகு ஸ்பைடரை எடுத்துப் படித்தால் வேறு மாதிரி இருக்கும், எனக்கு இருந்தது.

நம் ஆட்களையும் விடக்கூடாது. லயன், முத்து அட்டைகளில் எத்தனையோ ஓவியர் மாலையப்பன் கையால் வந்தவை. உள்ளே கறுப்பு வெள்ளையில் லண்டன் இருக்கும், அட்டையில் காலண்டர் நிறங்களில் பளீரென்று சிவகாசி இருக்கும். பட்டாசுக்கும் தீப்பெட்டிக்கும் லேபிள் அச்சடித்துப் பழகிய ஊருக்கு ஒரு பையனின் கண்ணைத் தூரத்திலிருந்தே இழுப்பது எப்படி என்று தெரியும்.

பேய், பூதம் பக்கம் போனால் 1986-ல் வந்த திகில் காமிக்ஸ். கறுப்புக் கிழவி கதைகளைப் படித்துவிட்டு ராத்திரி கொல்லைப்புறம் போகப் பயந்தவர்கள் இப்போதும் அதைப் பெருமையாகத்தான் சொல்கிறார்கள். அதற்கும் முன்னால் அம்புலிமாமா. வாளை உருவிப் பிடித்து, தோளில் பிணத்தோடு விக்கிரமாதித்தன் நடக்கும் அந்தப் படம் நினைவிருக்கும். பயமுறுத்துகிற படம், ஆனால் மறுபடி மறுபடி பார்க்கத் தோன்றும். வரைந்தவர் சங்கர். அவர் 2020-ல் இறந்தார், பத்மஸ்ரீ அறிவித்தது 2021-ல். ஒரு வருடம் முன்னால் செய்திருக்கலாம்.

ஆகவே ஏக்கம் தப்பா என்று கேட்டால், தப்பில்லை. ஆனால் என் காலம், என் தெரு, என் பத்து பைசா என்று மட்டும் பேசிக்கொண்டிருந்தால் அந்தப் புத்தகங்களைச் செய்தவர்கள் மறுபடியும் பெயரில்லாமல் போகிறார்கள். நீங்கள் வாங்கும் ஒவ்வொரு பிரதிக்கும் வரைந்தவர், எழுதியவர், எந்தப் பத்திரிகையில் முதலில் வந்தது, தமிழில் எந்த மாதம் என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். அப்புறம் வாங்கியதைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு அலமாரியைப் பூட்டிவிடாதீர்கள், நாலு பேர் படிக்கட்டும். கோட்டையூரில் ரோஜா முத்தையா என்று ஒருவர் இருந்தார், விளம்பரப் பலகை எழுதுவது அவர் தொழில். பழைய புத்தகத்தோடு நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று பிறர் தூக்கிப் போடுவதையும் சேர்த்து வைத்தார். இன்று சென்னையில் அவர் பெயரில் இருக்கும் ஆராய்ச்சி நூலகம் அந்தச் சேகரிப்பிலிருந்து 1994-ல் பிறந்தது. காமிக்ஸுக்கும் அப்படிச் சிலர் வேண்டும்.

மகனைக் கட்டாயப்படுத்த வேண்டாம். அவனுக்குப் படம் வரைவதில் ஆசை இருந்தால் அந்த இரும்புக்கைக் கட்டங்களை மட்டும் காட்டுங்கள். இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள், அவன் வயதுக்கு அவனுக்கென்று வேறு இருக்கும்.

லேமினேஷன் வேண்டவே வேண்டாம். ஒருமுறை செய்தால் அட்டையைச் சேதமில்லாமல் பிரித்தெடுக்க முடியாது. செலோடேப்பும் கூடாது, சில வருடத்தில் அதன் பசை மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கிவிடும். ஆவணக் காப்பகங்களில் கோதுமை ஸ்டார்ச் பசையும் மெல்லிய ஜப்பானியத் தாளும் வைத்துத்தான் ஒட்டுகிறார்கள், தேவைப்பட்டால் தண்ணீர் தொட்டே எடுத்துவிடலாம். நியூஸ்பிரின்ட் வெயில் பட்டால் சீக்கிரம் பழுப்பேறி நொறுங்கும், அதனால் ஜன்னல் ஓரத்திலும் பரணிலும் வைக்காதீர்கள். வைப்பதற்கு முன்னால் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்துவிடுங்கள், துருப்பிடித்த பின்களையும் கழற்றிவிடுங்கள்.