சதுரத் திரையில் முகம் ஏன் நீள்கிறது?

கேள்வி: பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் எங்களுக்குச் சேலைக்கடை இருக்கிறது. தீபாவளி வியாபாரத்துக்காக வாசலுக்கு மேல் மூன்றடிக்குச் சற்றே கூடுதலான சதுர எல்.இ.டி. திரை ஒன்றைப் பொருத்தினோம். 18 ‘பி5’ மாட்யூல்கள் (திரைத் துண்டுகள்) சேர்ந்தது என்றார்கள். விளம்பரத்தில் வரும் பெண்ணின் முகம் ஒடுங்கி நீண்டு தெரிகிறது. கொசுவம் இருக்க வேண்டிய இடத்தில் கழுத்து வந்து நிற்கிறது. கீழ் ஓரத்தில் வெள்ளை ரோஸ் நிறமாகிறது. பொருத்தியவர் வீடியோவைக் குறை சொல்கிறார். உண்மை என்ன?
– வாசகர், சென்னை-21

பதில்: நீங்கள் சொல்வது ஒரு கோளாறு அல்ல, மூன்று. அவற்றில் ஒன்றில் மட்டும் பொருத்தியவர் சொல்வது சரியாக இருக்கலாம்.

திரையை அடிக்கணக்கில் பார்க்காமல் பிக்சல், அதாவது ஒளிப்புள்ளி, கணக்கில் பாருங்கள். பி5 என்றால் ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் இடையே 5 மி.மீ. இடைவெளி. வழக்கமாக விற்கும் மாட்யூல் 320 மி.மீ. அகலமும் 160 மி.மீ. உயரமும் கொண்டது, அதில் 64க்கு 32 புள்ளிகள் இருக்கும். குறுக்கே 3, நெடுக்கே 6 என்று அடுக்கினால் 960 மி.மீ. சதுரமும், 192க்கு 192 புள்ளிகளும் கிடைக்கும். உங்கள் திரை இதுதான். விளம்பரமோ, பெரும்பாலும் 1920க்கு 1080 என்ற தொலைக்காட்சி அளவில் செய்யப்பட்டிருக்கும். அதைச் சதுரத்துக்குள் திணித்தால் பக்கவாட்டில் நசுங்கி, முகம் நீளத்தான் செய்யும்.

ஆனால் இதை ஊகமாக விட வேண்டியதில்லை. கணினியில் 192க்கு 192 அளவில் ஒரு வெற்றுப் படம் திறந்து, நடுவில் பெரிய வட்டம் ஒன்றை வரைந்து, மேலிருந்து கீழாக 32 புள்ளிக்கு ஒரு பட்டை வீதம் 1 முதல் 6 வரை எண் எழுதித் திரையில் ஓட்டுங்கள். வட்டம் வட்டமாகவே இருந்தால் குற்றம் வீடியோவினுடையது; அதைச் சதுரமாக வெட்டிச் செய்து தரச் சொல்லுங்கள். வட்டம் முட்டையானால், திரைக்குப் படத்தை அனுப்பும் கருவியான கன்ட்ரோலரில் அகலமும் உயரமும் தவறாகப் பதிவாகியிருக்கின்றன. பொருத்தியவர்தான் திருத்த வேண்டும்.

அதே படத்தில் எண்கள் 1, 2, 4, 3 என்று வரிசை மாறி வந்தால், கழுத்து இடம் மாறிய மர்மமும் விளங்கிவிடும். பொதுவாக, படத்தை வாங்கி மாட்யூல்களுக்குப் பிரித்துத் தரும் ரிசீவிங் கார்டின் ஒவ்வொரு துளையிலிருந்தும் ஒரு வரிசைக்கு ரிப்பன் கேபிள் போகும். பின்பக்கம் நின்று மாட்டும்போது இரண்டு கேபிள்கள் இடம் மாறுவது சாதாரணமாக நடப்பதுதான். மின்சாரத்தை அணைத்துவிட்டு அந்த இரண்டையும் மாற்றிச் செருகினால் போதும். படத்தின் துண்டுகள் இட வலமாகவும் மாறியிருந்தால், மாட்யூல்களின் பின்னால் அச்சிட்டிருக்கும் அம்புக்குறிகள் அனைத்தும் ஒரே திசையில் உள்ளனவா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

ரோஸ் நிறத்துக்கு வீடியோ பொறுப்பல்ல. சிவப்பு எல்.இ.டி. ஏறக்குறைய 2 வோல்ட்டில் எரியும். பச்சைக்கும் நீலத்துக்கும் ஏறக்குறைய 3 வோல்ட் வேண்டும். மாட்யூலுக்கு வர வேண்டிய 5 வோல்ட் வழியிலேயே குறைந்தால், முதலில் பச்சையும் நீலமும் மங்கும், மிஞ்சுவது சிவப்பு. மெல்லிய ஒயரை நீளமாக இழுத்திருப்பதோ, 200 வாட் பவர் சப்ளை இரண்டை மட்டும் வைத்து 18 மாட்யூலையும் ஓட்டுவதோ இதற்குக் காரணமாக இருக்கும். திரை முழுவதும் வெள்ளையை ஓடவிட்டு, ரோஸ் தெரியும் மாட்யூலின் முனையிலேயே மல்டிமீட்டரால் அளக்கச் சொல்லுங்கள். சப்ளையின் முனையில் அளந்து 5 வோல்ட் காட்டுவதை ஏற்காதீர்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று: ‘கொள்முதல்’ என்று தட்டினால் சில கன்ட்ரோலர்களில் கொம்பு தனியாகவும் கால் தனியாகவும் பிரிந்து நிற்கும். தமிழ் வாசகங்களைத் தடித்த எழுத்தில், 32 புள்ளி உயரத்துக்குக் குறையாமல், படமாகவே செய்து ஏற்றுங்கள்.

காசிமேட்டு உப்புக்காற்று உங்கள் தெருவுக்கு அதிக தூரம் நடக்க வேண்டியதில்லை. ஐப்பசி மழைக்கு முன் திரைப் பெட்டியின் பின்கதவின் ரப்பர் விளிம்பையும், கேபிள் முனைகளில் பச்சை பூத்திருக்கிறதா என்பதையும், இரும்புச் சட்டத்துக்கு எர்த் கொடுத்திருக்கிறார்களா என்பதையும் பார்த்துவிட்டு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.