மாடு இருப்பது தெரிந்துதானே மனை வாங்கினார்?

கேள்வி: புறநகரில் சொந்த மனையில் வீடு கட்டி, 12 ஆண்டுகளாக ஐந்து கறவை மாடுகள் வளர்த்து வருகிறோம். நாங்கள் குடிவந்தபோது சுற்றிலும் வெறும் நிலம். பிறகு மனை பிரித்து விற்றார்கள், வீடுகள் வந்துவிட்டன. மூன்று ஆண்டுகளுக்கு முன் பக்கத்து மனையில் வீடு கட்டியவர், நாற்றமும் ஈயும் தாங்க முடியவில்லை என்றும், 15 நாளில் மாடுகளை அகற்றாவிட்டால் வழக்குப் போடுவேன் என்றும் வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். மாடு இருப்பது தெரிந்துதானே மனை வாங்கினார்? எங்களை எப்படி அகற்றச் சொல்ல முடியும்?

பதில்: உங்கள் கோபம் நியாயமானதுதான். ஆனால் அதை அப்படியே பதில் நோட்டீஸில் எழுதிவிடாதீர்கள். "நாங்கள்தான் முதலில் வந்தோம்" என்ற வாதம் நீதிமன்றத்தில் நிற்காது. 1879-லேயே இங்கிலாந்தில் இதற்குத் தீர்ப்பு வந்துவிட்டது. மிட்டாய் செய்பவர் ஒருவர் 20 ஆண்டுகளுக்கு மேல் உரல் வைத்து இடித்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டு மருத்துவர் தோட்டத்தின் கடைசியில், அந்தச் சுவரையொட்டி, நோயாளிகளைப் பார்க்கும் அறை ஒன்றைக் கட்டிவிட்டு வழக்குப் போட்டார். ஜெயித்தது மருத்துவர். தொல்லை என்பது அதனால் பாதிக்கப்பட ஓர் ஆள் வந்த பிறகுதான் தொடங்குகிறது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். நம் நாட்டு நீதிமன்றங்களும் இந்தக் கோட்பாட்டை ஒட்டியே போகின்றன. 1882-ம் ஆண்டு வசதியுரிமைச் சட்டப்படி (அடுத்தவர் நிலத்தின் மீதான அனுபவ உரிமை பற்றிய சட்டம் இது) 20 ஆண்டு தடையில்லாத அனுபவத்தைக் காட்டி உரிமை கோரலாம் என்றாலும், உங்களுக்கு ஆனது 12 ஆண்டு. பக்கத்து வீட்டுக்காரர் குடிவந்த நாளிலிருந்து பார்த்தால் வெறும் மூன்று.

அப்படியானால் எதை வைத்து வாதாடுவது? மாடுகளை எப்படி வைத்திருக்கிறீர்கள் என்பதை வைத்துத்தான். சராசரி மனிதர் ஒருவர் அந்த வீட்டில் குடியிருந்தால் இயல்பாக வாழ முடியுமா என்றுதான் நீதிமன்றம் பார்க்கும். கன்றைப் பிரித்த அன்று மாடு இரவெல்லாம் கத்தியது என்பதற்காக யாரும் தடையாணை தரமாட்டார்கள். கோமியம் ஊறி அவர் சுவர் அடியில் ஈரம் ஏறியிருந்தால் கதை வேறு. வளர்ந்த மாடு ஒன்று நாளைக்குச் சுமார் 15 கிலோ சாணம் போடும். ஐந்து மாட்டுக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அது வீட்டு மனைக்குள் எங்கே போகிறது? வெயில் காலத்தில் சாணத்தில் இட்ட முட்டை ஏழு முதல் பத்து நாளில் ஈயாகப் பறந்துவிடும். வாரம் ஒருமுறை எருக்குழியைக் காலி செய்கிறோம் என்று நீங்கள் சொன்னால், ஈ வளர்க்கிறோம் என்று எதிர்த்தரப்பு வக்கீல் அதைத் திருப்பிப் போடுவார்.

அடுத்தது உரிமம். தமிழ்நாட்டில் நகர்ப்புறங்களில் கால்நடை வளர்ப்பதை முறைப்படுத்த 1997-ல் தனிச்சட்டமே வந்திருக்கிறது. உங்கள் இடம் எந்த உள்ளாட்சி எல்லைக்குள் வருகிறதோ அந்த அலுவலகத்தில் உரிமம் தேவையா என்று எழுத்தில் கேட்டு, தேவையென்றால் உடனே விண்ணப்பியுங்கள். உரிமம் இருந்தால் வழக்கில் ஜெயித்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். இல்லாவிட்டால் தோற்பது சுலபம், அவ்வளவுதான்.

அவர் போகக்கூடிய வழிகளில் முக்கியமானது உரிமையியல் நீதிமன்றம். நிரந்தரத் தடை கேட்டு வழக்குப் போட்டு, கூடவே இடைக்காலத் தடைக்கும் மனு கொடுப்பார். உங்களைக் கேட்காமலேயே அன்றைக்கு உத்தரவு ஆகிவிடக்கூடாது என்றால், உரிமையியல் நடைமுறைச் சட்டம் 148-ஏ பிரிவின்படி இப்போதே கேவியட், அதாவது என்னையும் கேட்காமல் உத்தரவு போடக்கூடாது என்ற முன்னெச்சரிக்கை மனு, தாக்கல் செய்யுங்கள். 90 நாள் செல்லும். பிறகு வழக்கறிஞர் ஆணையர், அதாவது இடத்தைப் பார்த்து அறிக்கை தர நீதிமன்றம் நியமிக்கும் வழக்கறிஞர், நேரில் வந்து பார்க்க எதிர்த்தரப்பு மனுப் போடலாம். என் அனுபவத்தில் இந்த வகை வழக்குகளில் சாட்சிகளைவிட ஆணையர் அறிக்கைக்குத்தான் கனம் அதிகம். ஆணையர் வரும் அன்று மட்டும் கழுவிவிட்டால் போதாது. சுவரில் ஏறிய கறை ஒரு நாளில் போகாது.

ஆர்.டி.ஓ.விடம் (வருவாய்க் கோட்டாட்சியர்) போவேன் என்றும் நோட்டீஸில் மிரட்டியிருந்தால் அதற்கு இப்போதைக்குப் பயப்பட வேண்டாம். அவர் நடவடிக்கை எடுப்பதற்கான பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 152-வது பிரிவு, பழைய சட்டத்தில் 133, பொதுத் தொல்லைக்கானது. இரண்டு வீட்டுச் சண்டைக்கு அல்ல. ஆனால் தெருவில் நாலைந்து வீட்டார் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் அதே விஷயம் பொதுத் தொல்லையாகிவிடும். மற்றவர்களோடு முறைத்துக்கொள்ளாமல் இருப்பது உங்களுக்குத்தான் லாபம். மாடுகளைத் தெருவில் அவிழ்த்து விடும் பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள்: கவனக்குறைவால் யாருக்காவது ஆபத்து நேரும்படி விட்டால் பி.என்.எஸ். (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 291-ன்படி ஆறு மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ வரலாம். அதேபோல் பக்கத்து வீட்டுக்காரர் கோபத்தில் மாட்டுக்கு விஷம் வைத்தாலோ ஊனப்படுத்தினாலோ 325-வது பிரிவில் ஐந்து ஆண்டு வரை சிறை உண்டு.

வெளிப்படையாகச் சொல்கிறேன். குடியிருப்பு மனையில் ஐந்து மாடு என்றால், இருக்கிற நிலையில் நீங்கள் தோற்பீர்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இரண்டாகக் குறைத்து, கொட்டகையைப் பொதுச்சுவரை விட்டுத் தள்ளிப் போட்டு, தரையைச் சரிவாகச் சிமெண்ட் பூசி, சாணத்தை அன்றன்றே வெளியேற்றினால் வாதாட இடமிருக்கிறது. இதையே எழுத்தில் அவருக்கு முன்வையுங்கள். ஒத்துக்கொண்டால் வழக்குக்கு முன்பே லோக் அதாலத்தில் (சமரசத்துக்கான மக்கள் நீதிமன்றம்) பதிவு செய்துவிடலாம். அது நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம், மேல்முறையீடும் கிடையாது. வெறும் ஒப்பந்தத் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குவதோடு நிறுத்த வேண்டாம்.

நோட்டீஸை மறுபடி ஒருமுறை படியுங்கள். கிணறோ ஆழ்துளைக் கிணறோ கெட்டுவிட்டது என்று ஒரு வரி இருந்தால், பதில் எழுதும் முன் உங்கள் கிணற்றுத் தண்ணீரை அரசு ஆய்வகத்தில் கொடுத்து அறிக்கை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். முடிவு எப்படி வருகிறது என்று பார்க்காமல் அந்தக் குற்றச்சாட்டை மறுத்து எழுத வேண்டாம்.