“ஒன்றுமே இல்லையே, எதற்கு டெஸ்ட்?”

கேள்வி: எனக்கு 44 வயது. திண்டுக்கல் பக்கம் கிராமம். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் பரிசோதனைக்கு வரச் சொல்லி நர்ஸ் இரண்டு முறை வீட்டுக்கே வந்துவிட்டார். எனக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. மாமியார், “ஒன்றுமே இல்லாதவள் எதுக்குப் போய்க் காட்டணும்?” என்கிறார். எனக்கும் கூச்சம். வலிக்குமா டாக்டர்?

பதில்: தொந்தரவு இல்லாத இப்போதுதான் போக வேண்டும் அம்மா. ரத்தம் படுகிறது, நாற்றத்தோடு வெள்ளைப்படுகிறது என்று என்னிடம் வருகிறவர்களில் பலருக்கு நோய் முற்றியிருக்கிறது. அவர்களும் கூச்சப்பட்டுத் தள்ளிப்போட்டவர்கள்தான். இந்த நோய்க்குக் காரணமான ஹெச்.பி.வி. வைரஸ் கர்ப்பப்பை வாயில் தங்கிவிட்டால், அது புற்றுநோயில் கொண்டுபோய் விடப் பெரும்பாலும் பத்து வருடங்களுக்கு மேல் ஆகும். அதற்குள் கண்டுபிடித்தால் கர்ப்பப்பையை எடுக்காமலேயே சரிசெய்யலாம்.

புடவையை அவிழ்க்க வேண்டாம். உள்ளாடையைக் கழற்றி, முழங்காலை மடக்கிப் படுத்தால் போதும். வாத்து அலகு மாதிரி இருக்கும் ஸ்பெகுலம் என்ற கருவியை உள்ளே வைத்து விரிப்பார்கள். சில்லென்று, இறுக்கமாக இருக்கும். பயத்தில் மூச்சைப் பிடித்து இடுப்பைத் தூக்கினால் வலி கூடும். அந்த நேரத்தில் நான் கால் கட்டைவிரல்களை ஆட்டச் சொல்வேன். கவனம் அங்கே போனதும் தொடை தானாகத் தளர்ந்துவிடும். அப்புறம் அசிட்டிக் அமிலத்தைப் பஞ்சில் நனைத்து ஒற்றுவார்கள். சமையலறை வினிகரில் இருப்பதும் இதுதான், வாடையும் அதேதான். லேசாக எரியலாம். ஒரு நிமிடம் காத்திருந்து, வெள்ளைத் திட்டு தெரிகிறதா என்று பார்ப்பார்கள். அவ்வளவுதான்.

திட்டு தெரிந்தால் உடனே அழ வேண்டாம். புண், அழற்சி இருந்தாலும் வெளுக்கும். கால்போஸ்கோப்பியில் பெரிதாக்கிப் பார்த்து, தேவைப்பட்டால் துளி சதை எடுத்துச் சோதிப்பார்கள்.

இந்தச் சோதனையின் பலனுக்கு உங்கள் மாவட்டமே சாட்சி. 2000-இல் தொடங்கி, திண்டுக்கல் கிராமங்களில் 30 முதல் 59 வயது வரையுள்ள 31 ஆயிரத்துக்கும் அதிகமான பெண்களுக்கு, பயிற்சி பெற்ற நர்ஸ்களே இதைச் செய்தார்கள். ஒரே ஒரு முறைதான். சோதனைக்கு அழைக்கப்பட்ட ஊர்களில் இந்த நோயால் நேர்ந்த மரணம் மற்ற ஊர்களைவிட 35 சதவீதம் குறைந்தது என்று 2007-இல் முடிவு வெளியானது. படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறையும்.

மாதவிலக்கு நாட்களில் போகாதீர்கள். சோதனைக்கு முந்தைய இரண்டு நாட்கள் தாம்பத்தியமும், உள்ளே வைக்கும் மாத்திரையும் வேண்டாம்.

மாமியாரையும் கூட்டிப் போங்கள். மாதவிலக்கு நின்றவர்களுக்கு வினிகர் சோதனையில் சரியாகத் தெரியாது. கர்ப்பப்பை வாயில் தடவி எடுத்த செல்களைப் பார்க்கும் பாப் ஸ்மியரோ, வைரஸ் இருக்கிறதா என்று பார்க்கும் ஹெச்.பி.வி. சோதனையோ செய்யலாமா என்று கேளுங்கள். விலக்கு நின்ற பிறகு அவருக்கு ஒரு சொட்டு ரத்தம் பட்டிருந்தாலும், அதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லச் சொல்லுங்கள்.