கோடை விடுமுறையில் குழந்தைகள்: வாசகர் கேள்விகளுக்கு மருத்துவரின் பதில்

எட்டு வயது மகன் காலையில் மட்டையைத் தூக்கிக்கொண்டு போனால் மதியச் சோற்றுக்குத்தான் வருகிறான். கத்திரி முடியும்வரை வெளியே விடாமல் இருந்துவிடலாமா டாக்டர்?
- வாசகி, வேலூர்

வேண்டாம் அம்மா, நேரத்தை மட்டும் மாற்றுங்கள். காலையில் பத்து மணி வரை விளையாடட்டும், அப்புறம் நான்கு மணிக்கு மேல். நடுவில் வீட்டுக்குள் கேரம், தாயம் என்று ஏதாவது. பெரியவர்களை விடச் சிறு பிள்ளைகளுக்கு வியர்ப்பது குறைவு, ஓடும்போது எடைக்கு மீறிய சூடு உடம்பில் உண்டாகும், ஆட்ட மும்முரத்தில் தாகமும் தெரியாது. அதனால் அவனாகக் கேட்பான் என்று காத்திருக்காமல் அரை மணிக்கு ஒருமுறை கூப்பிட்டுத் தண்ணீர் கொடுங்கள். சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனாலோ, மதியம் வரை போகவே இல்லை என்றாலோ குடித்தது போதவில்லை. தொப்பியும் தொளதொள பருத்திச் சட்டையும் போதும்.

கடையில் அட்டை டப்பாவில் வரும் ஓ.ஆர்.எஸ். பானத்தைத் தினமும் வாங்கித் தருகிறேன். நல்லதுதானே?
- வாசகர், கரூர்

நிறுத்திவிடுங்கள். ஓ.ஆர்.எஸ். என்பது வயிற்றுப்போக்கில் உடம்பு இழக்கும் நீரையும் உப்பையும் ஈடுகட்டும் உப்பு-சர்க்கரைக் கரைசல். அந்தப் பெயரில் விற்ற பல பானங்களில் சர்க்கரை மிக அதிகம், உப்புகள் தேவையான அளவில் இல்லை. வயிற்றுப்போக்கு உள்ள குழந்தைக்கு அந்தச் சர்க்கரை போக்கை இன்னும் கூட்டிவிடும். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி தயாரிக்காத பானங்களின் பெயரில் ஓ.ஆர்.எஸ். என்று போடவே கூடாது என்று 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணய ஆணையம் உத்தரவிட்டது. மருந்துக்கடையில் தூளாகக் கிடைப்பதை வாங்கி வையுங்கள். 20.5 கிராம் பாக்கெட் முழுதும் ஒரு லிட்டர் தண்ணீருக்கு. பாதியை ஒரு டம்ளரில் கலக்குவதைப் பலர் செய்கிறார்கள், உப்பு கூடிவிடும், அது ஆபத்து. சின்னப் பாக்கெட்டுகள் 200 மில்லிக்கு வருகின்றன, மேலே எழுதியிருப்பதைப் படித்துவிட்டுக் கலக்குங்கள். கலந்ததை 24 மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும்.

இதுவும் வயிற்றுப்போக்கு, வாந்திக்குத்தான். விளையாடி வியர்த்து வரும் பிள்ளைக்கு உப்புப் போட்ட மோரோ நீராகாரமோ இளநீரோ தாராளமாகப் போதும்.

விடுமுறைக்குப் பிள்ளைகளைத் திண்டுக்கல் பக்கம் என் அம்மா ஊருக்கு அனுப்புகிறேன். தோட்டத்துக் கிணறு, ஏரி எல்லாம் உண்டு. வெயில் ஒத்துக்கொள்ளுமா என்று கவலையாக இருக்கிறது.
- வாசகி, சென்னை

வெயிலை உங்கள் அம்மா பார்த்துக்கொள்வார்கள். நான் பயப்படுவது அந்தக் கிணற்றுக்கும் ஏரிக்கும்தான். ஒவ்வொரு மே மாதமும் செய்தித்தாளைத் திறந்தால் குளிக்கப் போன அண்ணன் தம்பி, ஒருவனைக் காப்பாற்ற இறங்கிய மற்றவன் என்று வந்துகொண்டே இருக்கிறது. படிக்கும்போதெல்லாம் மனசு ஆறுவதில்லை, ஏனென்றால் இவற்றில் பெரும்பாலானவை தடுக்கக்கூடியவை.

ஏரியில் வண்டல் மண் அள்ளிய குழி மேலே தெரியாது, முழங்கால் தண்ணீரில் நடக்கிற பிள்ளை அடுத்த அடியில் ஆள் உயரத்துக்குப் போய்விடும். கைவிட்ட கல்குவாரிக்குக் கரை என்று ஒன்றே இல்லை, பாறை செங்குத்தாக இறங்கும். மூழ்கும் குழந்தை கத்திக் கூப்பிடும் என்று நினைக்காதீர்கள், மூச்சுக்கே திணறும்போது சத்தம் எங்கிருந்து வரும்? சொந்தக்காரர்கள் பத்துப் பேர் கூடியிருக்கும் கரையிலும் அடுத்தவர் பார்க்கிறார் என்று எல்லோரும் இருந்துவிடுகிறார்கள். ஆகவே இந்த நேரம் நீ பார் என்று ஒருவரிடம் சொல்லி ஒப்படையுங்கள், அவர் கையில் செல்போன் வேண்டாம். மோட்டார் கிணற்றுக்குச் சுவர் இல்லையென்றால் பிள்ளைகள் ஊர் போய்ச் சேர்ந்ததும் முதல் வேலையாக முள்வேலியாவது போடச் சொல்லுங்கள்.

பிள்ளைகளிடம் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்புங்கள்: யாராவது மூழ்கினால் நீ குதிக்காதே, சத்தம் போட்டுப் பெரியவர்களைக் கூப்பிடு, கயிறோ வேட்டியோ மூடிய காலி கேனோ எது இருக்கிறதோ அதை வீசு. வெளியே எடுத்த குழந்தையைத் தலைகீழாகத் தொங்கவிடுவது, தலைக்கு மேல் வைத்துச் சுற்றுவது, வயிற்றை அமுக்குவது எதுவும் கூடாது, பொன்னான நிமிடங்கள் போய்விடும். மூச்சு இல்லையென்றால் மூக்கைப் பிடித்து வாயோடு வாய் வைத்து ஊதுங்கள், மார்பின் நடுவில் வேகமாக அழுத்துங்கள். ஒருவர் இதைச் செய்யும்போதே இன்னொருவர் 108-ஐக் கூப்பிட வேண்டும்.

நீச்சல் கற்றுக்கொடுக்க ஆசையென்றால் நன்றாக நீந்தத் தெரிந்த பெரியவர் கூடவே இறங்கிக் கற்றுக்கொடுக்கட்டும். கற்ற பிள்ளையும் தனியாகப் போகக் கூடாது.

வெயிலில் மயங்கி உடம்பு கொதித்தால் பாராசிட்டமால் கொடுக்கலாமா?
- வாசகர், திருச்சி

பயன் இல்லை, இது கிருமியால் வரும் காய்ச்சல் இல்லை. பிள்ளை உளறினாலோ, வலிப்பு வந்தாலோ, கூப்பிட்டால் சரியாகப் பதில் சொல்லாவிட்டாலோ நிழலுக்குத் தூக்கிப்போய்ச் சட்டையைக் கழற்றி உடம்பெல்லாம் குளிர்ந்த தண்ணீர் ஊற்றி விசிறுங்கள், 108-க்குச் சொல்லுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை தண்ணீர் ஊற்றுவதை நிறுத்த வேண்டாம். நினைவில்லாத வாயில் மட்டும் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். நிறுத்திய காருக்குள் ஐந்து நிமிடம்தானே என்று குழந்தையை விட்டுவிட்டுக் கடைக்குப் போவதையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள், ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி வைத்தாலும் உள்ளே சூடு ஏறும்.

ஐந்து மாதக் குழந்தை. மாமியார் வெயிலுக்குத் தண்ணீர் கொடு என்கிறார். வேர்க்குருவுக்குப் பவுடர் போடலாமா?
- வாசகி, மதுரை

ஆறு மாதம் வரை தாய்ப்பாலிலேயே வேண்டிய தண்ணீர் இருக்கிறது. அடிக்கடி பால் கொடுங்கள், நீங்கள் நிறையக் குடியுங்கள். மாமியாரிடம் டாக்டர் சொன்னதாகவே சொல்லுங்கள். பவுடர் வேண்டாம், அந்தத் தூள் குழந்தையின் நுரையீரலுக்குள் போகும். இரண்டு வேளை குளிப்பாட்டி, மெல்லிய பருத்தித் துணி போட்டுக் காற்றோட்டமான இடத்தில் படுக்க வைத்தால் வேர்க்குரு தானாக அடங்கும். சீழ் வைத்தால் காட்டுங்கள்.