கரையோர வானொலி: தடைக்காலத்தில் விளம்பரம் எங்கே கிடைக்கும்?

இராமநாதபுரம் கடற்கரையில் சமுதாய வானொலி நடத்துகிறவர்கள் அனுப்பிய கேள்விகள் சில.

மீன்பிடித் தடை தொடங்கியதும் கடைக்காரர்கள் விளம்பரத்தை நிறுத்திவிடுகிறார்கள். என்ன செய்வது? (பாம்பன்)

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு போகாது. கையில் காசு புரளாது. துணிக்கடைக்காரர் தயங்குவது நியாயம்தான், அவரை விட்டுவிடுங்கள். அந்த நாட்களில் படகுத்துறைப் பக்கம் ஒரு நடை போய் வாருங்கள். கரையேற்றிய படகில் பழைய பெயின்டைச் சுரண்டிக்கொண்டிருப்பார்கள். ஒருவர் பலகை மாற்றுவார், இன்னொருவர் எஞ்சினை இறக்கிப் பிரித்துப் போட்டிருப்பார். படகுக்காரரான சம்மாட்டி கடன் வாங்கியாவது செலவு செய்கிற காலம் அது. பெயின்ட் கடை, மரக்கடை, வலைக்கடை, எஞ்சின் மெக்கானிக் எல்லோருக்கும் அப்போதுதான் வியாபாரம். மார்ச்சிலேயே அவர்களிடம் போய், 61 நாளைக்கும் சேர்த்து ஒரே தொகையாகப் பேசி முடியுங்கள். நாட்டுப்படகுகள் கடலுக்குப் போய்க்கொண்டுதான் இருக்கும். அவற்றுக்கு ஐஸ் வேண்டும், அதனால் ஐஸ் கம்பெனிக்காரரையும் மறந்துவிடாதீர்கள்.

பத்து விநாடி விளம்பரத்துக்கு எவ்வளவு கேட்கலாம்? (கீழக்கரை)

மத்திய அரசு விளம்பரத்துக்கான கட்டணம் 2024-இல் 52 ரூபாயிலிருந்து 74 ரூபாய் ஆனது. அப்போதே, மணிக்கு 7 நிமிடமாக இருந்த விளம்பர நேரமும் 12 நிமிடமானது. அதற்காகப் பலசரக்குக் கடைக்காரரிடம் விநாடிக் கணக்குப் பேசாதீர்கள், மாதத்துக்கு இவ்வளவு என்று சொல்லுங்கள். "யார் கேட்கிறார்கள்?" என்றுதான் அவர் முதலில் கேட்பார். அதற்கு ஒரு நோட்டு போடுங்கள். நேயர் போன் செய்யும்போதெல்லாம் ஊர், நேரம், கேட்ட பாட்டு மூன்றையும் எழுதி வையுங்கள். ஆறு மாத நோட்டை அவர் மேசையில் விரித்து வைத்து, அவர் தெருவிலிருந்து வந்த அழைப்புகளைக் காட்டினால் பேச்சே மாறிவிடும். அப்புறம், 12 நிமிடத்தையும் நிரப்ப ஆசைப்படாதீர்கள். நேயர் போய்விட்டால் நோட்டும் காலியாகிவிடும்.

பயிற்சி கொடுத்த பிள்ளைகள் ஆறே மாதத்தில் மதுரைக்குப் போய்விடுகிறார்கள். (தொண்டி)

போகட்டும், அது அவர்கள் பிழைப்பு. ஊரிலேயே இருக்கப்போகிறவர்களைத் தேடுங்கள். கடல்பாசி எடுக்கிற பெண்கள், கருவாடு காயவைக்கிறவர்கள் பேசத் தொடங்கினால் ஊரே காது கொடுக்கும். ஆனால் சேவை என்று சொல்லிச் சும்மா வேலை வாங்காதீர்கள். பஸ் செலவும் ஒரு சிறு தொகையும் மாதம் பிறந்ததும் கைக்குப் போய்ச்சேர வேண்டும்.

இலங்கை எப்.எம்.கள் இங்கே தெளிவாகக் கேட்கின்றன. எங்களால் போட்டி போட முடியுமா? (தங்கச்சிமடம்)

பாட்டில் முடியாது. அவர்களுடைய கருவிகள் பெரியவை, நடுவே மறிக்க ஒன்றுமில்லாத கடல். உங்களுக்குச் சொந்தமாகச் செய்தி வாசிக்கவும் அனுமதியில்லை; ஆகாசவாணிச் செய்தியை அப்படியே தரலாம். ஆனால் வானிலை, மின்தடை போன்ற உள்ளூர் அறிவிப்புகளுக்குத் தடையில்லை. விடிவதற்கு முன்பே காற்று வாடையா (வடக்கிலிருந்து) சோழகமா (தெற்கிலிருந்து), அலை எப்படி, துறைமுகத்தில் எந்தப் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்று உங்கள் வானொலிதான் சொல்ல முடியும். சொல்லும்போது எச்சரிக்கை வெளியான தேதியையும் நேரத்தையும் சேர்த்தே வாசியுங்கள். நேற்றைய அறிவிப்பை இன்றையது என்று நம்பி ஒருவர் வள்ளத்தை இறக்கிவிடக் கூடாது.