வான்கோழிக்கு நாள் குறித்த பத்திரிகையாசிரியை

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் என் மகனுக்கு நவம்பர் கடைசியில் 'தேங்க்ஸ்கிவிங்' என்று நான்கு நாள் லீவு. 1621-இல் வெள்ளைக்காரர்களும் செவ்விந்தியர்களும் கூடிச் சாப்பிட்டார்களாம், அன்றிலிருந்து 400 வருஷமாக விடாமல் கொண்டாடுகிறார்களாம். நம் பொங்கல் மாதிரி உழவர்கள் உண்டாக்கிய பண்டிகைதானே அதுவும்?
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: 1621 சரி. கூடிச் சாப்பிட்டதும் சரி. 'விடாமல்', 'உழவர்கள் உண்டாக்கிய' என்ற இரண்டும்தான் இடிக்கின்றன.

இங்கிலாந்திலிருந்து மேஃபிளவர் கப்பலில் 1620-இல் குடியேற வந்த 102 பேரில் ஏறக்குறையப் பாதிப்பேர் முதல் குளிர்காலத்தைத் தாண்டவில்லை. மிச்சப்பேருக்கு மீனை உரமாகப் புதைத்து மக்காச்சோளம் விதைக்கக் கற்றுக்கொடுத்தவர் டிஸ்குவாண்டம் என்ற பூர்வகுடி மனிதர். 1614-இல் ஓர் ஆங்கிலேயக் கப்பல்காரன் இவரைக் கடத்தி ஸ்பெயினில் விற்கக் கொண்டுபோனான். தப்பித்து, லண்டன் வழியாக ஊர் வந்து பார்த்தால் ஊரே இல்லை. கொள்ளைநோய் வாரிக்கொண்டு போயிருந்தது. அந்தக் காலி இடத்தில்தான் கப்பலில் வந்தவர்களின் பிளிமத் குடியேற்றம் எழுந்தது. தன் ஊர் மண்ணிலேயே அந்நியருக்கு விதைப்பு சொல்லிக்கொடுத்திருக்கிறார் மனிதர். (செவ்விந்தியர் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லாதீர்கள். அவர்கள் வாம்பனோக் மக்கள்.)

அந்த அறுவடை விருந்தை நேரில் கண்டு எழுதியவர் எட்வர்ட் வின்ஸ்லோ. அதுவும் ஒரு கடிதத்தில் சில வரிகள். நான்கு பேர் பறவை வேட்டைக்குப் போனார்கள், வாம்பனோக் தலைவர் மாசசோயிட் தொண்ணூறு பேரோடு வந்தார், மூன்று நாள் விருந்து நடந்தது, அவர்கள் ஐந்து மான் கொண்டுவந்தார்கள். அவ்வளவுதான். இன்று இந்தப் பண்டிகையின் முக்கிய உணவான வான்கோழி என்ற பேச்சே இல்லை. 'நன்றி நாள்' என்ற பெயரும் இல்லை. குடியேறிய அந்தப் பக்திமான்களுக்கு நன்றி நாள் என்றால் உட்கார்ந்து ஜெபம் பண்ணும் நாள். 'முதல் தேங்க்ஸ்கிவிங்' என்று இந்த விருந்துக்குப் பட்டம் கட்டியது, 1841-இல் அலெக்சாண்டர் யங் என்ற பாதிரியார் தான் பதிப்பித்த நூலில் போட்ட ஓர் அடிக்குறிப்பு!

விருந்துக்கு வந்த மாசசோயிட்டின் மகன் மெட்டகோமை 1676-இல் போரில் கொன்று, தலையைப் பிளிமத்தில் கம்பத்தில் செருகி வைத்தார்கள். 1970-இல் பிளிமத்தின் 350-ஆம் ஆண்டு விழாவில் பேச வாம்சுட்டா ஃபிராங்க் ஜேம்ஸ் என்ற வாம்பனோக் தலைவரை அழைத்தார்கள். உரையை முன்கூட்டியே வாங்கிப் படித்தவர்களுக்கு அது ரசிக்கவில்லை, மாற்றச் சொன்னார்கள். அவர் மறுத்துவிட்டார். அன்று முதல் தேங்க்ஸ்கிவிங் வியாழன்தோறும் பூர்வகுடி மக்கள் பிளிமத் குன்றில் கூடித் துக்கநாள் அனுசரிக்கிறார்கள்.

சரி, பண்டிகை எங்கிருந்து வந்தது? நியூ இங்கிலாந்து எனப்படும் வடகிழக்கு மாகாணங்களில் இலையுதிர்காலத்தில் ஆளுநர் நாள் குறித்து அறிவிக்கும் வழக்கம் இருந்தது. நாடு முழுக்க ஒரே நாள் என்று ஆக்க வைத்தவர் என் தொழில்காரி: சாரா ஜோசஃபா ஹேல், 'கோடீஸ் லேடீஸ் புக்' பத்திரிகையின் ஆசிரியை. ஐந்து பிள்ளைகளோடு விதவையானவர். வருஷாவருஷம் தலையங்கம், ஜனாதிபதி மாறினால் அவருக்கும் ஒரு கடிதம். கடைசியில் மாட்டியவர் லிங்கன். உள்நாட்டுப் போர் உச்சத்தில் இருந்த 1863-இல், செப்டம்பர் 28 அன்று ஹேல் கடிதம் எழுத, அக்டோபர் 3-இல் அறிவிப்பு வந்துவிட்டது: நவம்பர் கடைசி வியாழன். அந்த அறிவிப்பில் விளைந்த வயல்கள் உண்டு. மேஃபிளவரும் இல்லை, மாசசோயிட்டும் இல்லை.

அப்புறம் கடைக்காரர்கள். 1939 நவம்பரில் ஐந்து வியாழன். கடைசி வியாழன் 30-ஆம் தேதி என்றால் கிறிஸ்துமஸ் வியாபாரத்துக்கு நாள் போதாது என்று முறையிட்டார்கள். அப்போதைய ஜனாதிபதி ரூஸ்வெல்ட் ஒரு வாரம் முன்னால் தள்ளினார். மாகாணங்களில் ஏறக்குறையப் பாதி ஏற்றுக்கொண்டன, பாதி முடியாது என்றன. டெக்சாஸ் இரண்டு நாளையும் கொண்டாடியது, புத்திசாலிகள். 1941-இல் நான்காவது வியாழன் என்று சட்டம் போட்டு வழக்கைத் தீர்த்தார்கள். மறுநாள் வெள்ளிக்கிழமைத் தள்ளுபடி விற்பனையில் உங்கள் மகன் டிவி வாங்கியிருப்பாரே, கேட்டுப்பாருங்கள்.

நவம்பரில் நீங்கள் அங்கே போவதாக இருந்தால் ஒன்று. வான்கோழியை ஞாயிற்றுக்கிழமையே ஃபிரீசரிலிருந்து எடுத்து ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைக்கச் சொல்லுங்கள். ஏழு கிலோப் பறவை உள்ளே ஐஸ் விட நான்கு நாள் பிடிக்கும்.